வழி திறந்தது, பசி தீர்ந்ததா?

நடு அந்தமானில், ரங்கத் பகுதியிலிருந்து படகேறிச் சென்றடையும் சிறு தீவு லாங் ஐலண்ட். மரத்தொழிலை நாடிப் பெருநிலத்திலிருந்து வந்தோரால் வளர்ந்த குடியிருப்பு அது. பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் வேறொன்று என வாழும் நமக்கு அத்தீவின் வாழ்க்கை புதியதன்று. வேலை உள்ளவரை நாம் எவ்வூரார் என்று எவரும் கேட்பதில்லை. நெருக்கடி வந்துவிட்டால் அதுவே முதற்கேள்வியாகிறது.

2020 மார்ச் 25-இல் நாடு முடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊர் நோக்கி நடந்தனர். அக்காட்சி 1930-களின் அமெரிக்காவை நினைவூட்டுகிறது. அங்கே 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியோடு வறட்சியும் புழுதிப்புயலும் சேர, உழவர் குடும்பங்கள் பல கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டன. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் காவலர் 136 பேரை மாநில எல்லைக்கே அனுப்பி, வறியோரைத் தடுத்தது. கையிற் பொருளற்ற வெளிமாநிலத்தாரை அழைத்து வருவது அம்மாநிலத்தில் குற்றமாகவும் இருந்தது. டெக்ஸாஸிலிருந்து தம் மனைவியின் உடன்பிறந்தாரை அழைத்து வந்த எட்வர்ட்ஸ் என்பவர் தண்டிக்கப்பட்டார். அவ்வழக்கில் 1941-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

வழி திறந்தது, ஆயினும் பசி தீரவில்லை. ஓராண்டு வசித்தாலன்றி அரசு உதவியில்லை என்னும் விதி பல மாநிலங்களில் நீடித்தது. அதனை நீதிமன்றம் நீக்கியது 1969-இல். இடையே கழிந்தவை 28 ஆண்டுகள்.

நம் நாட்டிலோ, எங்கும் சென்று வாழும் உரிமையை 1950-இலேயே அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு வழங்கிவிட்டது. அமெரிக்கர் வழக்காடிப் பெற்றதை நாம் தொடக்கத்திலேயே பெற்றோம். எனினும் குடும்ப அட்டை ஊர்க்கடையோடு பிணைந்திருந்தது. மனிதர் பெயர்ந்தாலும் அவர் பங்கு அரிசி பெயரவில்லை. 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’த் திட்டத்தை, எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டுமென 2021-இல் நம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 ஜூனில் அசாமும் இணைய, 36 மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் அதில் அடங்கின. அந்தமானும் அவற்றுள் ஒன்று.

இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். இவ்வசதி தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைகளுக்கே உரியது. மாநில அரசு தன் செலவில் தரும் கூடுதற் பொருள்கள் எல்லை கடந்து வாரா. ஆகவே, நம் அட்டை எவ்வகையினது என்பதை இன்றே அறிந்துகொள்வது நன்று. குடும்பத்தில் சிலர் ஊரிலும் சிலர் வெளியிலும் இருப்பின், அவரவர் பங்கை அந்தந்த இடத்திலேயே பெறலாம்.

வரலாற்றை ஒப்பிடுவதன் பயன், அவர்கள் பட்ட துன்பத்தை நம் துன்பத்தோடு நிறுத்துப் பார்ப்பதன்று. உரிமை ஏட்டில் எழுதப்பட்ட நாளுக்கும் அது கையில் சேர்ந்த நாளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என அளந்து, அடுத்த நெருக்கடிக்குமுன் அத்தொலைவைக் குறைப்பதே.