குடிபெயரும் தரவுத்தளம்

வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு என அன்றாட வாழ்வின் குறிப்புகள் பலவும் இன்று தரவுத்தளங்களில் பாதுகாக்கப்படுகின்றன. தாளில் எழுதிய பேரேட்டை ஓர் அலமாரியிலிருந்து மற்றோர் அலமாரிக்கு மாற்றுவது எளிது. நொடிக்கு நொடி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் பேரேட்டை, எழுதுவோரின் பணி தடைப்படாமல் வேறிடத்திற்கு மாற்ற இயலுமா? தரவுத்தளத்தை இடம்பெயர்க்கும் பொறியாளர்கள் எதிர்கொள்ளும் வினா இதுவே.

கூட்டாக இயங்கும் சேவையகங்கள்

ஒரே சேவையகத்தை நம்பியிருக்கும் தரவுத்தளம், அச்சேவையகம் பழுதுற்றதும் நின்றுவிடும். இக்குறையைக் களையப் பல சேவையகங்களை இணைத்து ஒரே தரவுத்தளமாக இயக்குவர். இதனைக் கொத்துத் தரவுத்தளம் என்பர். ஒன்று ஓய்ந்தாலும் மற்றவை பணியைத் தொடரும். சேவையகங்கள் யாவும் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்வது இதில் ஒரு வகை. ஆரக்கிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ்' இவ்வகையைச் சார்ந்தது.

கூட்டு வாழ்வுக்குக் கட்டுப்பாடு தேவை. எஞ்சியிருக்கும் ஓர் இருக்கையை இரு சேவையகங்கள் ஒரே நேரத்தில் இருவருக்கு வழங்கிவிடக் கூடாது. எனவே, எந்தத் தரவை எந்தச் சேவையகம் திருத்துகிறது என்பதை அவை தமக்குள் ஓயாது தெரிவித்துக்கொள்கின்றன. இத்தொடர்பு அறுந்தால், 'மற்றது அழிந்தது, நான் மட்டுமே எஞ்சியுள்ளேன்' என ஒவ்வொன்றும் கருதித் தனித்தனியே எழுதத் தொடங்கும், கணக்கு குழம்பிவிடும். இதனைத் தவிர்க்கவே, பெரும்பான்மை வாக்கைப் பெற்ற பகுதி மட்டும் தொடர்ந்து எழுதலாம் என்னும் விதி வகுக்கப்பட்டுள்ளது.

தளம் மாறுவது ஏன்?

செயலியும் இயக்க முறைமையும் சேர்ந்ததே சேவையகத் தளம். தரவுகள் பல்லாண்டு நிலைத்திருக்க வேண்டியவை. அவற்றைத் தாங்கும் தளமோ சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். பெரிய நிறுவனங்களின் சேவையகங்களில் இடம்பெற்றிருந்த இட்டேனியம் செயலியை அனுப்புவதை இன்டெல் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் நிறுத்தியது. உதிரிப் பாகமும் பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்காத நிலையில், தளத்தை மாற்றுவது விருப்பத்தைப் பொறுத்ததாக இராமல் கட்டாயமாகிவிடுகிறது.

பழைய சேவையகங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியவற்றைச் சேர்த்தால் போதாதா? ஒரே தளத்திற்குள் மாற்றும்போது அவ்வாறு செய்யலாம். மேற்கூறிய ஆரக்கிள் கொத்தில் உறுப்புகள் அனைத்தும் ஒரே வகைத் தளத்தைச் சார்ந்தவையாக இருத்தல் வேண்டும். எனவே, பழைய கொத்துக்கு அருகில் புதிய கொத்து ஒன்றை முழுமையாக அமைத்த பின்னரே குடிபெயர்ப்பைத் தொடங்க முடியும்.

எண் ஒன்று; வரிசை வேறு

கோப்புகளை அப்படியே படியெடுத்துச் செல்வதிலும் ஓர் இடர் உண்டு. நான்கு பைட் இடத்தில் 1 என்னும் எண்ணைச் சேமிக்கும்போது, சில செயலிகள் பெரிய இடமதிப்பை முதலில் வைத்து 0, 0, 0, 1 என எழுதும். வேறு சில, சிறிய இடமதிப்பை முதலில் வைத்து 1, 0, 0, 0 என எழுதும். முதல் வகையினர் எழுதியதை இரண்டாம் வகையினர் மாற்றாமல் படித்தால், 1 என்பது 1,67,77,216 ஆகிவிடும். ஒரு ரூபாய் இருப்பு, ஒன்றரைக் கோடி ரூபாயைக் கடந்துவிடும்!

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' என்னும் புதினத்தில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக இரு நாட்டினர் போரிடுவர். டேனி கோஹன் என்னும் கணினி அறிஞர் 1980இல் இவ்விரு வகையினருக்கும் அப்புதினத்திலிருந்தே 'பெருமுனையர்', 'சிறுமுனையர்' என்னும் பொருள்படப் பெயர்களை எடுத்தாண்டார். முனை மாறும் குடிபெயர்ப்பில் கோப்புகளை மாற்றியமைக்க வேண்டும். அல்லது தரவின் பொருளை மட்டும் எடுத்துப் புதிய தளத்தில் மீண்டும் எழுத வேண்டும்.

ஓடும் நீரை மடைமாற்றுதல்

முதலில் ஒரு குறிப்பிட்ட நொடியில் இருந்தவாறு தரவு முழுவதையும் படியெடுப்பர். படியெடுத்து முடிவதற்குள் பழைய கொத்தில் புதிய மாற்றங்கள் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு மாற்றமும் பதிவேட்டில் குறிக்கப்படுவதால், அதனைப் படித்து அதே மாற்றங்களைப் புதிய கொத்திலும் நிகழ்த்துவர். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மணிக்கணக்கிலிருந்து நொடிக்கணக்காகச் சுருங்கும். பின்னர் வரிசைகளின் எண்ணிக்கையையும் தொகைகளின் கூட்டலையும் இருபுறமும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பர்.

இறுதியாக, பழைய கொத்தில் எழுதுவதைச் சற்றே நிறுத்தி, எஞ்சிய மாற்றங்களும் சென்று சேர்ந்தபின் பயன்பாடுகளைப் புதிய கொத்துக்குத் திருப்புவர். அப்போதும் பழையதை உடனே அகற்றுவதில்லை. புதியதில் நிகழும் மாற்றங்களைப் பழையதற்கும் அனுப்பிக்கொண்டிருந்தால், இடர் நேரும்போது திரும்பி வரும் வழி திறந்திருக்கும்.

ஒரு வங்கி கற்ற பாடம்

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் ஒரு வார இறுதியில், ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் தரவுகளைப் புதிய தளத்திற்கு மாற்றியது. தரவுகள் பழுதின்றிச் சென்று சேர்ந்தன. ஆயினும், புதிய தளம் மக்களின் பயன்பாட்டைத் தாங்கவில்லை. இலட்சக்கணக்கானோர் தம் பணத்தைக் கையாள இயலாமல் தவித்தனர். நிலைமை முழுமையாகச் சீரடைய அவ்வாண்டு டிசம்பர் வரை ஆனது.

வங்கியின் பணிகள் ஒரே வேளையில் இயங்கும் இரு தரவு மையங்களில் அமைந்திருந்தன. சுமையைத் தாங்கும் திறனுக்கான சோதனையோ அவற்றுள் ஒன்றில் மட்டுமே நிகழ்த்தப்பட்டது என்பதை 2019 நவம்பரில் வெளிவந்த ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. ஓர் உறுப்பு நன்றாக இயங்குவதால் மற்றதும் அவ்வாறே இயங்கும் எனக் கொள்வது ஊகமேயன்றிச் சான்றாகாது. வங்கி வாடிக்கையாளர்களுக்கு 3 கோடியே 27 இலட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கியது. 2022 டிசம்பரில் நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு தண்டம் விதித்தன.

நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்றை வயலில் நட்டதும் உழவரின் பணி முடிந்துவிடுவதில்லை. அது வேர்பிடித்துப் பச்சை கட்டும்வரை நீரும் காவலும் தேவை. தரவுகள் புதிய இடத்தை அடைவது நடவு மட்டுமே. புதிய கொத்தின் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான சுமையைத் தாங்கும் எனச் சோதித்து அறிந்த பின்னரே குடிபெயர்ப்பு நிறைவுறும். அத்தரவுகளில் இருப்பவை வெறும் எண்களல்ல. ஒருவரது மாத ஊதியம், மற்றொருவரது வீட்டு வாடகை, இன்னொருவரது மருந்துச் செலவு. பொறியாளரின் பொறுமையும் ஐயமும் மக்களுக்குக் காவலாவது இவ்விடத்தில்தான்.