கோழித் தீனிச் சாக்கில் குடியிருக்கும் கிருமி

முட்டை வாங்கும்போது அதன் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வெடிப்பிருக்கிறதா, எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று கவனிக்கிறோம். அந்த முட்டையை இட்ட கோழி என்ன தின்றது என்று கேட்பவர் மிகக் குறைவு. மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தப் பகுதியில் பத்து, இருபது கோழிகளை வளர்த்து வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் தாய்மார் உண்டு. தீனிச் சாக்கை அவிழ்ப்பவர்களும் அவர்களே. முட்டையைச் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் அவர்களே. ஆகவே இவ்விஷயம் முதலில் அவர்களுக்குரியது.

சல்மொனெல்லா என்ற கிருமியை 1885இல் அமெரிக்காவில் கண்டறிந்தவர் தியோபால்ட் ஸ்மித். ஆனால் பெயர் அவருடைய மேலதிகாரியான மிருக வைத்தியர் டேனியல் சல்மனுக்குப் போய்விட்டது! நெருப்புக் காய்ச்சலைத் தருவதும் இக்குடும்பத்துக் கிருமியே. எனினும் அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது. கோழி வழியாக வருபவை இதன் வேறு வகைகள். அவை வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றைத் தரும். சுகதேகிகள் சில நாட்களில் தேறிவிடுவர். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கோ இது உயிராபத்தாகவும் முடியலாம். இவ்வகைகளுள் ஒன்று கோழியின் சூலகத்திலேயே தங்கி, ஓடு உருவாகுமுன் முட்டைக்குள் புகுந்துவிடுகிறது. கோழியும் நலமாகவே தெரியும். முட்டையும் சுத்தமாகவே தெரியும்.

தீனிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் மீன்தூள் ஒரு காலத்தில் உலகெங்கும் கோழித் தீனியில் கலக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டளவில் அத்தூளோடு 'அகோனா' என்ற சல்மொனெல்லா வகை பல நாடுகளுக்குப் பயணமாயிற்று. அதற்கு முன் அமெரிக்காவில் மனிதரிடம் மிக அபூர்வமாகவே காணப்பட்ட அவ்வகை, 1972இல் அங்கு அதிகம் காணப்படும் முதல் பத்து வகைகளுள் ஒன்றாகிவிட்டது. அவ்வாண்டு ஆர்கன்சா மாநிலத்தின் பாரகோல்ட் என்ற ஊரில் பலர் நோயுற்றனர். காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் ஓர் உணவகத்தையும், அங்கிருந்து அடுத்த மாநிலத்துக் கோழிப் பண்ணையையும், இறுதியில் அப்பண்ணையின் தீனியிலிருந்த பெரு நாட்டு மீன்தூளையும் அடைந்தனர். பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளிலும் அதே வகை அதே காலத்தில் பெருகியது.

உலர்ந்த தூளில் கிருமி எப்படி உயிர் வாழும் என்று கேட்கலாம். ஈரமில்லாத தீனியில் அது பெருகாது. ஆனால் சாகவும் மாட்டாது. மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். தொழிற்சாலைகளில் தீனியைச் சுமார் 80 பாகை செல்சியஸ் நீராவியில் சூடாக்கிக் குளிசையாக அழுத்தும்போது பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன. பிறகு குளிரவைக்கும் இயந்திரத்தில் நீர்த்துளி படிந்தாலோ, சூடாக்காத மூலப்பொருளின் தூசு பறந்து வந்து விழுந்தாலோ பட்ட பாடெல்லாம் வீண். வெறும் தூள் தீனிக்குப் பெரும்பாலும் அந்தச் சூடுகூட இல்லை. சில நாடுகளில் இதற்காகவே தீனியில் போர்மிக் அமிலம் போன்றவற்றைச் சேர்க்கின்றனர். சுவீடனில் 1953இல் அல்வெஸ்டா நகரின் இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய நோயில் ஏறத்தாழ 9,000 பேர் பாதிக்கப்பட்டனர். சுமார் 90 பேர் இறந்தனர். அதன் பின் அந்நாடு கோழியையும் மாட்டையும் மட்டுமன்றித் தீனி ஆலையின் தூசைக்கூடச் சோதிக்கத் தொடங்கியது.

விலங்கின் தீனியைப் பற்றிய கவனம் நமது மார்க்கத்துக்குப் புதிதல்ல. அசுத்தத்தையே தின்று திரியும் விலங்கை 'ஜல்லாலா' என்பர். அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உள்ளது. அப்படிப்பட்ட கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் அடைத்து வைத்ததாகவும் வந்துள்ளது. வாடை நீங்கும் வரை நல்ல தீனி கொடுக்க வேண்டும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலுள்ள வழி. இதை வைத்துக்கொண்டு, கிருமியுள்ள தீனியைத் தின்ற கோழி ஹராம் என்று எவரும் பத்வா கொடுத்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு. ஃபுகஹாக்களின் அளவுகோல் வாடையும் மாற்றமும். இக்கிருமிக்கோ வாடையுமில்லை, நிறமுமில்லை. மூக்கை நம்ப முடியாத இடத்தில் கையின் கவனத்தைத்தான் நம்ப வேண்டும்.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீனிச் சட்டம் தீனி உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்துகிறது. பேராதனைக்கு அருகே கன்னொறுவவில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கிறது. குஞ்சுகள் தொடர்ந்து இறந்தால் விதியென்று புதைத்துவிடாமல், முதலில் பிரதேச அரச மிருக வைத்திய அதிகாரியிடம் சொல்லுங்கள். ஆனால் சாக்கு உங்கள் முற்றத்துக்கு வந்த பிறகு எந்தச் சட்டமும் அதற்குக் காவல் நிற்காது.

சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். அவிழ்த்த தீனியை மூடியுள்ள வாளியில் போடுங்கள். எலிப் புழுக்கையும் பல்லி எச்சமும் இக்கிருமியைச் சுமந்து வரக்கூடியவை. பல்லியை யாரும் சந்தேகிப்பதில்லை! தவிட்டையும் புண்ணாக்கையும் முதல் நாளிரவே ஊறப்போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நமது வெப்பத்தில், ஈரத்தில், அரை மணி நேரத்துக்குள் ஒரு கிருமி இரண்டாகும்; விடியும்போது எண்ணிக்கை எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கொடுக்கும் நேரத்தில் குழைத்து, மிச்சத்தை அகற்றிவிடுங்கள். ஒரு நாள் குஞ்சுகளுக்குப் பழைய தீனி வேண்டவே வேண்டாம். அவற்றின் குடலில் நன்மை தரும் கிருமிகள் இன்னும் குடியேறாததால் மிகச் சிறிதளவு நஞ்சே போதும். கூட்டுக்குப் போகும் செருப்போடு குசினிக்குள் வராதீர்கள்.

முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவி அடுக்கி வைப்பதும் நல்லதல்ல. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீரோடு கிருமியும் உள்ளே இழுபடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிள்ளை பெற்ற தாய்க்கு அரை அவியலும், மெலிந்த பிள்ளைக்குப் பாலில் அடித்த பச்சை முட்டையும் கொடுப்பது அன்பினால்தான். ஆயினும் மஞ்சட்கரு கட்டியாகும் வரை அவித்தே கொடுங்கள்; சத்து ஓடிவிடாது. பெருநாள் வட்டிலப்பத்துக்குக் கவலையில்லை. அது ஆவியில் நன்றாக வெந்து இறங்குவது. அடுப்பில் ஏற்றுமுன் கலவையில் விரலை விட்டு ருசி பார்க்க வரும் பிள்ளைகளை மட்டும் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.