ஊவாத் தோட்டங்களும் சுயாதீனக் காணொளியும்

தேயிலைப் பொதிகளில் அச்சிடப்படும் படத்தை உலகமே அறியும். பச்சை மலைச்சரிவு, முதுகில் கொழுந்துக் கூடை, முகத்தில் புன்னகையுடன் ஒரு பெண். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் இதே காட்சியையே தமது கமராக்களில் பதிந்து செல்கின்றனர். அப்பெண்ணின் லயன் அறைக் கூரை ஒழுகுகின்றதா, அவளது குடியிருப்பின் மேலுள்ள மலைச்சரிவு உறுதியானதா என்ற வினாக்களுக்கு அப்படத்தில் இடமில்லை. அதிகமாகப் படம்பிடிக்கப்பட்டும் மிகக் குறைவாகவே அறியப்பட்ட சமூகமாக மலையக மக்கள் இருப்பது ஏன் என்பதை ஆராயும்போது, சுயாதீனக் காணொளி என்னும் கலை வடிவத்தின் தேவை புலனாகின்றது.

இந்நிலைக்கு நீண்ட வரலாறு உண்டு. இலங்கையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற ஆவணப்படமான 'சோங் ஒஃப் சிலோன்', 1934ஆம் ஆண்டு பசில் ரைட் என்ற ஆங்கிலேயரால் இயக்கப்பட்டது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காகவே அது தயாரிக்கப்பட்டது. கலையழகு மிக்க அப்படம் திரைப்பட மாணவர்களால் இன்றும் பயிலப்படுகின்றது. எனினும், தேயிலையை விற்பதற்காக எடுக்கப்பட்ட அப்படத்தில், அத்தேயிலையை விளைவித்த தமிழ்த் தொழிலாளர் தமது வாழ்வைப் பற்றித் தாமே பேசுவதில்லை. படத்துக்குப் பணம் தருபவர் எவரோ, அவரது தேவையே படத்தின் பார்வையையும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சுயாதீனக் காணொளி என்பது விளம்பர நிறுவனத்தையோ, தொலைக்காட்சி நிலையத்தையோ, வர்த்தகத் திரைப்பட முதலீட்டையோ சாராமல் உருவாக்கப்படும் படைப்பாகும். 1960களில் தனியொருவர் சுமந்து செல்லக்கூடிய ஒளிப்பதிவுக் கருவிகள் சந்தைக்கு வந்தபோது இக்கலை பரவத் தொடங்கியது. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் போன்ற கலைஞர்கள் தொலைக்காட்சிப் பெட்டியையே கலைப்பொருளாக்கினர். வேறு சிலர் அதே கருவியைத் தொழிலாளரிடமும் மீனவரிடமும் கொண்டு சென்றனர். முதலாவது வழி கலைக்கூடங்களுக்குச் சென்றது. இரண்டாவது வழி சமூக மாற்றத்தை நாடியது. செய்தித் தொலைக்காட்சி ஒரு சம்பவம் நிகழ்ந்த பின்னர் வந்து, சில தினங்களில் அகன்றுவிடுகின்றது. சுயாதீனக் காணொளியோ சம்பவத்துக்கு முன்னரும் பின்னரும் அவ்விடத்தில் நிற்கக்கூடியது. ஊவா மாகாணத்துக்கு முக்கியமானது இந்த வேறுபாடே.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. முதல் நாட்களில் காணாமற்போனோரின் தொகை நூற்றுக்கணக்கில் கூறப்பட்டது. பின்னர் அது நாற்பதுக்கும் குறைவாக வந்து நின்றது. அங்கு எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதைக்கூட உடனடியாகச் சொல்ல முடியவில்லை. அப்பகுதி ஆபத்தானது என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தமை அனர்த்தத்தின் பின்னரே பரவலாகப் பேசப்பட்டது. மக்களை வெளியேறுமாறு கூறினோம் என்றது ஒரு தரப்பு. வெளியேறிச் செல்வதற்கு இடம் தரப்படவில்லை என்றது மறுதரப்பு.

மலை சரிந்த பின்னர் நாட்டின் ஊடகங்கள் அனைத்தும் மீரியபெத்தவில் நின்றன. மலை சரிவதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில் அங்கு ஒரு கமரா நின்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? சுவர்களின் வெடிப்பு, மழைக்காலத்து நீரோட்டம், குடியிருப்பாளரின் அச்சம், அதிகாரிகளின் வாக்குறுதி ஆகியவை திகதியுடன் பதிவாகியிருக்கும். அது மலைச்சரிவைத் தடுத்திருக்காது. ஆயினும், அலுவலகக் கோப்பினுள் கிடந்த எச்சரிக்கைக்கு முகங்களையும் குரல்களையும் அது வழங்கியிருக்கும். யார் என்ன சொன்னார்கள் என்ற சர்ச்சைக்கும் விடை இருந்திருக்கும்.

இது வெறும் கற்பனையன்று. கனடாவின் ஃபோகோ தீவில் 1967ஆம் ஆண்டு இத்தகைய முயற்சி நடைபெற்றது. வறிய மீனவர்கள் வாழ்ந்த அத்தீவிலிருந்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் எண்ணம் அரசிடம் இருந்தது. கனடியத் தேசிய திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோ, அம்மக்களின் உரையாடல்களைச் சிறு சிறு படங்களாகப் பதிவு செய்தார். அவற்றை முதலில் அத்தீவின் ஊர்களிலேயே திரையிட்டார். தமக்குள் தொடர்பின்றி வாழ்ந்த ஊரவர்கள், அயலூரின் பிரச்சினையும் தமது பிரச்சினையும் ஒன்றே என்பதைத் திரையில் கண்டனர். அதன் பின்னரே அப்படங்கள் ஆட்சியாளருக்குக் காட்டப்பட்டன. மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தமது தீவிலேயே நிலைத்தனர்.

எமக்கு அண்மையிலும் உதாரணங்கள் உள்ளன. அகமதாபாத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் 1984ஆம் ஆண்டு ஒரு காணொளிப் பிரிவை ஆரம்பித்தது. எழுதப் படிக்க அறியாத பெண்கள் உட்பட உழைக்கும் பெண்கள் கமராவை இயக்கக் கற்றுக்கொண்டனர். மதுரையைச் சேர்ந்த ஆர்.பி. அமுதன், துப்புரவுத் தொழிலாளியான ஒரு பெண்ணின் அன்றாட வேலையை 'பீ' என்ற ஆவணப்படமாக 2003ஆம் ஆண்டு எடுத்தார். எமது நாட்டில் சுமதி சிவமோகன் மலையக மக்களின் வாழ்வைக் கருவாகக் கொண்டு 'இங்கிருந்து' என்ற முழுநீளத் திரைப்படத்தை 2013ஆம் ஆண்டு உருவாக்கினார். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் மீள்குடியேற்றத்தையும் அவர் பின்னர் ஆவணப்படமாக்கினார். இடம்பெயர்வு, காணி, உரிமை ஆகிய வினாக்கள் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒன்றாகவே தொடுகின்றன என்பதை இப்படைப்புகளை அடுத்தடுத்து நோக்குவோர் உணர்வர்.

இன்று தோட்டத்து இளைஞர் பலரின் கையில் கமராவுடன் கூடிய தொலைபேசி இருக்கின்றது. கருவி இல்லை என்ற குறை பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால், கருவி கைக்கு வந்துவிட்டதனால் மட்டும் உண்மை வெளிவந்துவிடாது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் ஊழியரை ஒரு கூட்டம் சூழ்ந்து நின்று மிரட்டி, உணவில் மலட்டுத்தன்மை மருந்து கலந்ததாக ஒப்புக்கொள்ள வைத்தது. அக்காட்சி முகநூலில் பரவியது. அந்த உணவில் மருந்து எதுவும் இல்லையென அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. அதுவும் தனியார் ஒருவரின் கையிலிருந்த கமரா எடுத்த காணொளிதான். எனவே, எடுத்தவர் யார், எந்தச் சூழலில் எடுத்தார், படத்தில் தோன்றுபவர் சுயவிருப்புடன் பேசினாரா என்று கேட்கும் பழக்கம் எடுப்போருக்கும் பார்ப்போருக்கும் அவசியமாகும்.

தோட்டங்களைப் பொறுத்தவரை இந்த அவதானம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகின்றது. தொழிலாளியின் வேலையும் குடியிருப்பும் ஒரே நிர்வாகத்துடன் பிணைந்துள்ளன. கமராவின் முன் வெளிப்படையாகப் பேசும் பெண், படப்பிடிப்புக் குழு பஸ் ஏறிச் சென்ற பின்னரும் அதே மலையில்தான் கொழுந்து பறிக்க வேண்டும். அவளது வறுமையைக் காட்டி நகரத்துப் பார்வையாளரின் கண்ணீரைப் பெறுவது எளிது. தேயிலைப் பொதியின் புன்னகைக்குப் பதிலாக ஓர் அழுகையை வைப்பதால் அவளுக்குக் கிடைப்பது யாது? இரண்டுமே பிறருக்காக எடுக்கப்பட்ட அவளது முகங்களே.

ஃபோகோ தீவின் அனுபவம் இங்குதான் வழிகாட்டுகின்றது. எடுத்த படம் முதலில் எடுத்த இடத்திலேயே காட்டப்பட வேண்டும். தோட்டத்து வாசிகசாலையிலோ கோயில் முன்றலிலோ ஒரு வெள்ளைத் துணியே அதற்குப் போதுமானது. பேசியவர் தமது பேச்சைப் பார்த்து, வேண்டாததை நீக்கச் சொல்லும் உரிமை பெற்றிருக்க வேண்டும். பசறையில் எடுத்த படம் அப்புத்தளைத் தோட்டத்திலும், வெலிமடையின் முஸ்லிம் கிராமங்களிலும், சிங்கள உபதலைப்புகளுடன் அயல் கிராமங்களிலும் காட்டப்பட வேண்டும். பிரதேச செயலகத்தின் மேசைக்கு அது செல்வது இவற்றுக்குப் பின்னரே. தனியொருவரின் முறைப்பாடாக அன்றி, பல ஊர்கள் கண்டு ஏற்றுக்கொண்ட சாட்சியமாக அப்போது அது சென்றடையும். படத்தின் பிரதிகள் பொது நூலகத்திலும் பாடசாலையிலும் வைக்கப்படுதல் நன்று.

2023ஆம் ஆண்டு மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி துரைமாரின் பதிவேடுகளிலும் அரசாங்க அறிக்கைகளிலுமே எழுதப்பட்டுள்ளது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் கொடிய மண்சரிவுகளைச் சந்தித்தது. மீரியபெத்தவில் கேட்கப்பட்ட அதே வினாக்கள் இன்றும் எஞ்சி நிற்கின்றன. அடுத்த மழைக்கு முன்னர் எந்த லயனின் மேல் எந்தச் சரிவு நிற்கின்றது என்பதை அங்கு வாழ்வோரே பதிந்து வைப்பார்களாயின், அது கலை என அழைக்கப்பட்டாலும் அழைக்கப்படாவிட்டாலும் அதன் பயன் குறையாது.