மூடிய கூட்டம்: எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது?

மலேசியாவின் பினாங்குத் தீவு மாநகர் மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் செய்தியாளர்களும் போய் உட்காரலாம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை இது. ஆனால் மன்றம் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டால் கதவை மூடிக்கொள்ளலாம். எந்தெந்த விஷயத்துக்காக மூடலாம் என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. குழுக் கூட்டங்களோ, குழுவே முடிவெடுத்துத் திறந்தால் ஒழிய, மூடியவைதான்.

அந்த மன்றத்தின் கீழ் வரும் ஜார்ஜ்டவுன் மக்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சி மன்றத் தேர்தல் இன்னும் திரும்பவில்லை. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில், கூட்டத்தை நேரில் பார்க்கும் உரிமையாவது மிஞ்ச வேண்டும்.

ஏன் மூட வேண்டும்?

மதிப்பீட்டு வரி, உரிமம் எல்லாம் இன்று கணினியில். எந்த சர்வரில் ஓட்டை இருக்கிறது என்பதைப் பொதுவில் விவாதித்தால், ஊடுருவக் காத்திருப்பவனுக்கு நாமே வழி சொன்னதாகும். அந்தப் பேச்சு மூடிய அறையில் நடப்பதே நியாயம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றிய சட்டமும், இணையப் பாதுகாப்பு அச்சுறுத்தல்களை உள்ளாட்சி அமைப்புகள் மூடிய கூட்டத்தில் பேச இடம் தருகிறது.

2024 ஆகஸ்ட் 26 அன்று அமலுக்கு வந்த மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டம், அரசாங்கம் உட்பட 11 துறைகளின் முக்கிய அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் போவது அதிகாரிகளுக்கு; மக்களுக்கு அல்ல.

எதை மறைக்கக் கூடாது?

2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிர்வாக நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. ஊடுருவியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டதையும், தாம் கொடுக்க மறுத்ததையும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் வெளிப்படையாகச் சொன்னார். நடந்ததைச் சொல்வது வேறு, ஓட்டையைக் காட்டுவது வேறு என்பதற்கு அதுவே சான்று.



பினாங்கு சட்டமன்றம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015 ஜனவரி 1 முதல் அது நடப்பில் உள்ளது. ஆனாலும் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் இரகசியமாக்கப்பட்ட ஆவணத்தை அதைக் கொண்டு பெற முடியாது. ஆகவே 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்காகக் கதவு மூடப்படக் கூடாது. ஏன் மூடுகிறோம் என்பதை மன்றம் தீர்மானத்திலேயே எழுதட்டும். ஒப்பந்தம் யாருக்கு, செலவு எவ்வளவு, முடிவு என்ன என்பவை திறந்த கூட்டத்துக்கு வரட்டும். வரி கட்டுபவர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.