பாலத்துக்குப் பின்னே பாலம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சமயபுரத்துக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவை அடைகிறோம். பிறகு கொள்ளிடப் பாலத்தைக் கடக்கிறோம். சமயபுரம் போகக் கொள்ளிடப் பாலம் தேவை. அந்தப் பாலத்தை அடையக் காவிரிப் பாலம் தேவை. 2022 இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்க்க மூடப்பட்டபோது வண்டிகள் சுற்றுவழியில் போக நேர்ந்தது நினைவிருக்கலாம்.

கணினி மென்பொருள்களும் இப்படித்தான் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. 'கிம்ப்' என்ற படம் வரையும் மென்பொருளைப் பாருங்கள். பி.என்.ஜி. வகைப் படத்தைத் திறக்க அது 'லிப்பிஎன்ஜி' என்ற தொகுப்பை நாடுகிறது. சுருக்கி வைத்த தரவை விரிக்க லிப்பிஎன்ஜி, 'இசட்லிப்' என்ற மற்றொன்றை நாடுகிறது.

இத்தனையையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டுமா? வேண்டாம். 1993இல் தொடங்கிய டெபியன் லினக்ஸில் ஒவ்வொரு தொகுப்புடனும் ஒரு குறிப்பு உண்டு. எனக்கு இன்னின்ன தொகுப்புகள், இன்ன பதிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்று அது சொல்லும். 'ஆப்ட்' என்ற நிரல் அதைப் படித்து, தேவையானவற்றைக் களஞ்சியத்திலிருந்து வரிசையாகக் கொண்டுவந்து நிறுவுகிறது. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட நம் நாட்டு 'பாஸ்' லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

ஆனால் ஒன்று. ஒரே களஞ்சியத்தில் உள்ளவை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சோதிக்கப்பட்டவை. வேறொரு களஞ்சியத்தையும் கலந்தால் என்ன ஆகும்? புதிய மென்பொருள் ஒரு தொகுப்பின் புதிய பதிப்பைக் கேட்கும். பழைய மென்பொருளோ பழைய பதிப்போடுதான் பொருந்தும். இரண்டில் ஒன்றை இழக்க நேரிடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினிக்குள் நுழைவது சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடினார். 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் தொகுப்பில் யாரோ கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது! நுழைவு மென்பொருள் அதை நேராக நாடவில்லை. இடையிலிருந்த மற்றொரு தொகுப்பு நாடியது. டெபியனின் சோதனைக் களஞ்சியம் வரை வந்த அந்தப் பதிப்பு, நிலையான களஞ்சியத்துக்குள் நுழையுமுன் பிடிபட்டது. புதியதைச் சோதித்த பிறகே நிலையான களஞ்சியத்தில் சேர்ப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

உங்கள் பள்ளியில் லினக்ஸ் கணினி இருந்தால், ஆசிரியரின் துணையுடன் ஒரு மென்பொருளை நிறுவிப் பாருங்கள். திரையில் தோன்றும் பட்டியலை எண்ணுங்கள். நீங்கள் கேட்டது ஒன்று. துணைக்கு வந்தவை எத்தனை?