நெருப்பில்லாத உலை சாத்தியமா?

எங்க ஊர் மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தப் பக்கம் போனவங்களுக்கு உப்பளங்கள் ஞாபகம் இருக்கும். பாத்தியில் தண்ணியைக் கட்டிவிட்டா, வெயிலும் காத்தும் மீதி வேலையைப் பார்த்துக்கும். அடுப்பே தேவையில்லை.

ஆனா எல்லாத் தொழிலுக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. செங்கல் வேக 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டின சூடு வேணும். அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் கிளிங்கர் உருவாக சுமார் 1,450 டிகிரி வேணும். இப்படிப்பட்ட உலைகளில் இன்னைக்கும் பெரும்பாலும் எரியறது விறகு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான்.

எங்களுக்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துல, கமுதியில், 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தாச்சு. அந்த மாதிரி கரண்டை வச்சு உலையைச் சூடாக்க முடியாதா?

முடியும். ஒரு கம்பியில் கரண்டை விட்டா சூடாகும். அது பள்ளிக்கூடப் பாடம். சிக்கல் வேற இடத்துல இருக்கு. உலைக்குள் 1,400 டிகிரி வேணும்னா, சூடாக்குற உறுப்பு அதைவிட அதிகச் சூட்டில் இருக்கணும். அதுவும் காத்துல, மாசக்கணக்கா, உருகாம, துருப்பிடிக்காம. டங்ஸ்டன் 3,400 டிகிரி வரை உருகாது. ஆனா அந்தச் சூட்டுக்கு ரொம்ப முன்னாடியே காத்துல ஆக்சைடாகி அழிஞ்சு போயிடும்.

அதனால் உலை உறுப்பைக் காப்பாத்துறது அதோட மேல்தோல்தான். நம்ம லேப் மஃபிள் ஃபர்னஸில் பெரும்பாலும் இருக்கிறது இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலவைக் கம்பி. சூடானதும் மேலே அலுமினா படலம் உருவாகி உள்ளே ஆக்சிஜனை விடாது. 1931-ல் ஸ்வீடனில் இதுக்காகத் தொடங்கின கம்பெனியின் பெயர் காந்தல். நம்ம ஊர்ல அடிபிடிச்ச சோத்துக்குச் சொல்ற பேரேதான்! கண்டுபிடிச்ச கான்ட்சோவோட பெயரிலிருந்து வந்தது, தமிழிலிருந்து இல்லை. இந்தக் கம்பி 1,400 டிகிரியோட நின்னுடும்.

அதுக்கு மேல செராமிக்தான். சிலிக்கான் கார்பைடு கம்பிகள் சுமார் 1,600 டிகிரி வரை தாங்கும். மாலிப்டினம் டைசிலிசைடு 1,800 டிகிரி வரை போகும். ரெண்டுக்கும் மேல்தோல் சிலிக்கா, அதாவது ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம்.

இவ்வளவு சூடு எதுக்குன்னு கேக்கலாம். கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் கூடும். 1,000 டிகிரியில் ஒரு கரும்பொருள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 வாட் வெளியிடும். 1,500 டிகிரியில் அதுவே 56 வாட். கெல்வின் வெப்பநிலை சுமார் 1.4 மடங்கு, வெப்பம் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இதுக்கு விலையும் உண்டு. சிலிக்கான் கார்பைடுக்கு வயசாகும். மெதுவா ஆக்சைடாகி மின்தடை கூடிக்கிட்டே போகும். அதே வோல்டேஜில் மின்தடை இரட்டிப்பானா, பவர் பாதியாயிடும். பழைய பவர் வேணும்னா வோல்டேஜை 1.4 மடங்கு ஏத்தணும். அதுக்குத்தான் பல டேப் வச்ச டிரான்ஸ்ஃபார்மரோ தைரிஸ்டரோ வைக்கிறாங்க. பழைய கம்பியோட புதுசைக் கலந்து போட்டா சுமை சமமாப் பிரியாது.

மாலிப்டினம் டைசிலிசைடின் கதை வேற. குளிர்ந்த நிலையில் மின்தடை ரொம்பக் கம்மி, அதனால் ஸ்விட்ச் போட்டதும் கரண்ட் பாயும். 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் ரொம்ப நேரம் நின்னா சில வகை பொடியாவே உதிரும். தவிர, ரெண்டும் கைதவறி விழுந்தா உடையும்.

பெரிய அளவிலும் முயற்சி நடக்குது. ஜெர்மனியின் லூத்விக்ஸ்ஹாஃபெனில் 2024-ல் பி.ஏ.எஸ்.எஃப், சாபிக், லிண்டே மூணும் சேர்ந்து 6 மெகாவாட் மின்சார ஸ்டீம் கிராக்கர் உலைகளை இயக்கத் தொடங்கினாங்க. வேலை நடக்கும் சூடு சுமார் 850 டிகிரி. ஒரு உலையில் குழாய்க்கே கரண்ட் போகுது. இன்னொன்றில் குழாயைச் சுத்தி வச்ச உறுப்புகள் கதிர்வீச்சால் சூடாக்குது.

லாபம் என்ன? மின்சார உலையில் புகைபோக்கி வழியா சூடு வெளியேறாது. 1,200 டிகிரி எரிவாயு உலையில் வெப்ப மீட்பு வைக்காட்டி, பாதிக்கு மேல் புகையோட போயிடும்.

ஆனா எல்லாம் தீர்ந்துடாது. சிமெண்டில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வரலை, சுண்ணாம்புக்கல்லே உடைஞ்சு விடுறது. உலையை மின்சாரமாக்கினாலும் அது நிக்காது. ராத்திரி சூரியன் இல்லை, சூளையை அணைக்கவும் முடியாது. நிலக்கரிக் கரண்டில் ஓட்டினா, புகை நம்ம ஆலையிலிருந்து அனல் மின் நிலையத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அடுத்த முறை லேப்பில் ஃபர்னஸ் குளிர்ந்திருக்கும்போது, மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டு, லேப் அண்ணன்கிட்ட கேட்டு உள்ளே எட்டிப் பாருங்க. சுருள் கம்பியா, சாம்பல் நிறத் தண்டா, 'யு' வடிவக் கம்பியா? அதைப் பார்த்தாலே அந்த உலை எத்தனை டிகிரி வரை போகும்னு சொல்லிடலாம்.