சமவெளி வீடுகளில் தொட்டிக் காரட்

காரட் மலைநாட்டுப் பயிர் என்பது யாவரும் அறிந்ததே. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் விளைந்து, சமவெளிச் சந்தைகளுக்கு அது மூட்டை மூட்டையாய் இறங்கி வருகிறது. ஆகையால் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் நிலம் உடைய குடும்பத்தாரும் காரட்டை விலைக்கு வாங்கியே உண்கின்றனர். ஆசையினால் கொல்லைப்புறத்தில் விதைத்துப் பார்த்தவர்களும் உண்டு. தழை செழித்து வளரக் கண்டு மகிழ்ந்து, பிடுங்கிப் பார்க்கும்போது சுண்டுவிரல் பருமனில் கவைகவையாய்ப் பிரிந்த வேரைக் கண்டு, நம் ஊருக்கு இது ஆகாது என்று அவர்களில் பலர் கைவிட்டனர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வெயில் காலத்தில் ஆகாது; இறுகிய மண்ணில் எக்காலத்திலும் ஆகாது. ஆனால் குளிர்காலத்தில், மண்ணை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தால், சமவெளியிலும் கிழங்கு இறங்கும். ஓர் ஏக்கர் களிமண்ணை மாற்றுதல் எளிதன்று. ஒரு தொட்டி மண்ணை மாற்றுதல் அரை மணி நேர வேலை.

காரட்டின் வேர் செல்லும் விதத்தை அறிந்தால் மற்ற முறைகள் தாமே விளங்கும். விதை முளைத்த முதல் மூன்று, நான்கு வாரங்களில் ஆணிவேர் நேரே கீழ்நோக்கி ஓடுகிறது. கிழங்கின் நீளம் அப்போதே பெரும்பாலும் நிச்சயமாகிவிடும். பருத்தல் பின்னரே நிகழும். ஓடும் வேரின் நுனி ஒரு கல்லிலோ, மண்கட்டியிலோ, மக்காத சாணத்திலோ பட்டுக் கெடுமாயின், பக்கவேர்கள் கிளைத்துக் கிழங்கு கவையாகும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுதல் இதற்கு ஆகாது என்பதன் காரணமும் இதுவே.

தொட்டிக்கு ஓர் அடி ஆழம் வேண்டும். அகலம் எவ்வளவாயினும் சரி. மண்தொட்டி, அடி ஓட்டையான தாழி, பழைய மரப்பெட்டி, கெட்டியான சாக்குப்பை ஆகிய எல்லாம் உதவும். பதினைந்து கிலோ சமையல் எண்ணெய்த் தகரம் ஏறக்குறைய 9 அங்குலச் சதுரமும் 13, 14 அங்குல உயரமும் உடையதாதலால், மேல்மூடியை வெட்டிவிட்டால் மிகவும் பொருத்தமாய் அமையும். வெட்டிய விளிம்பை உள்ளே மடக்கித் தட்டிவிடல் வேண்டும். அடியில் ஆறேழு துளைகள் இட்டு, அவற்றின்மேல் ஓட்டாஞ்சில்லுகளைக் கவிழ்க்கவும். தகரம் பிற்பகல் வெயிலில் காய்ந்து வேரைச் சுடும். ஆதலின் மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு சுற்றுதலோ, தகரங்களை நெருக்கி வைத்தலோ நலம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலம் உடையவர் வீடுகளில் பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த காலி டப்பாக்களும் கேன்களும் மூலையில் கிடப்பது வழக்கம். அவை அளவாலும் உறுதியாலும் தொட்டிக்கு ஏற்றவைபோல் தோன்றும். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் உண்ணும் பொருள் எதையும் வளர்த்தல் கூடாது. மண்ணுக்குள்ளேயே இருந்து பருக்கும் கிழங்கைக் குழந்தைகள் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள் என்பதை நினைத்தல் வேண்டும். வர்ணம் வந்த டப்பாக்களையும் விலக்குக.

மண் கலவைக்குச் சலித்த செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கித் தூளான தொழு உரமோ இலைமக்கோ ஒரு பங்கு போதும். உரம் தேயிலைத்தூள்போல் உதிர வேண்டும். சாண நாற்றம் இருக்குமானால் அது இன்னும் பக்குவப்படவில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து வேர் மெலியும். ஆகையால் யூரியா இடுதல் வீண். அடுப்புச் சாம்பல் ஒரு பிடி கலத்தல் நல்லது, ஆனால் களர் நிலத்து மண்ணாயின் அதுவும் வேண்டாம். கத்தரி, தக்காளி நின்ற பாத்தியின் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருக்கக்கூடும். அத்தகைய மண்ணைத் தவிர்ப்பதே உத்தமம். வேறு மண் கிடையாதெனில் சித்திரை, வைகாசி வெயிலிலேயே நனைத்துப் பரப்பி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் சில வாரங்கள் மூடி வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

காரட் கிழங்கு நன்கு பருத்து நிறம் கொள்வதற்கு 15 முதல் 20 பாகை சென்டிகிரேட் வெப்பமே ஏற்றது. சமவெளியில் அதற்குக் கிட்ட வருவன கார்த்திகை, மார்கழி, தை மாதங்களே. ஐப்பசிப் பிற்பகுதி முதல் மார்கழித் தொடக்கம் வரை விதைத்தால் மாசியில் பிடுங்கலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அந்நாட்களில் நிலத்தில் தூவிய விதை அடித்துச் செல்லப்படும். தொட்டியையோ இறவாரத்துக்குக் கீழே இழுத்து வைத்துக்கொள்ளலாம். தொட்டியின் பெருஞ்சலுகை இதுவேயாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி, கோயமுத்தூர் போன்ற உள்நாட்டு ஜில்லாக்களில் இரவு குளிர்ந்திருத்தலால் கிழங்கு நன்கு அமையும். கடற்கரை ஜில்லாக்களில் நிறம் சற்று வெளுத்து, கிழங்கும் சிறுத்திருக்கும் என்பதை முன்னமே அறிந்து விதைப்பது நன்று.

குட்டையாய்ப் பருக்கும் சாண்டனே வகை தொட்டிக்கு முதன்மையானது. நாண்டிஸ் வகை சற்று நீண்டு, உருளையாய், இனிப்பாய் இருக்கும். ஜப்பானியக் குரோடா வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும். இவ்வகைகள் குளிரில் சில வாரங்கள் கிடந்தாலன்றிப் பூக்க மாட்டா. ஆதலின் சமவெளியில் சொந்த விதை எடுக்க முயலுதல் பயன் தராது. ஆண்டுதோறும் புதிய விதை வாங்குக. பழைய விதையே பெரும்பாலான ஏமாற்றங்களுக்கு மூலம்.

முளைப்புக் காலத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். விதை மிகச் சிறிது. ஒரு கிராமில் 600 முதல் 1000 விதைகள் இருக்கும். உலர்ந்த மணலோடு கலந்து, கால் அங்குல ஆழத்தில் தூவி, சலித்த மக்குரத்தால் மெல்ல மூடவும். நெல்லும் உளுந்தும் முளைக்கக் கண்டு பழகிய கண்ணுக்கு இது பொறுமையைச் சோதிப்பது. முளை தெரிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் செல்லும். அந்நாட்களில் ஒரே ஒரு நண்பகல் மேல்மண் காய்ந்தாலும் முளைவிட்ட விதை மடியும். ஆகையால் நனைத்த சாக்கை மேலே பரப்பி, காலை மாலை தெளிப்பது அவசியம். முதல் முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

நாற்றுகள் இரண்டு அங்குலம் உயர்ந்ததும் நெருக்கத்தைக் குறைத்தல் வேண்டும். முளைத்த செடியை அழிக்க வீட்டுப் பெண்களுக்கு மனம் வருவதில்லை. ஆயின் நெருங்கி நிற்கும் இரண்டில் ஒன்றும் தேறாது. பிடுங்கினால் அடுத்த வேர் அசையும். கத்தரியால் அடியோடு வெட்டுவதே சரி. இறுதியில் இரண்டரை அங்குல இடைவெளி நிற்கும்படி விட்டால், ஓர் எண்ணெய்த் தகரத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு செடிகள் கொள்ளும்.

நீர் சீராய் இருக்க வேண்டும். காயவிட்டு ஒரே நாளில் மிகுதியாய் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். காய்கறிகளுள் உப்பைத் தாங்காதவற்றில் காரட் முன்னணியில் நிற்பது. கிணற்று நீர் உவர்ப்பாயின், தொட்டி மண்ணில் உப்பு நாளுக்கு நாள் ஏறி இலைநுனி கருகும். அத்தகைய ஊர்களில் ஐப்பசி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து ஊற்றுவது ஒன்றே வழி. கிழங்கின் தலை மேலே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகிக் கசக்கும். அவ்வப்போது மண் அணைக்கவும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். காரட்டின் நிறப்பொருளான கரோட்டின் 1831ஆம் ஆண்டில் இக்கிழங்கிலிருந்தே முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. அச்சத்துக் குறைவால் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகிறது. கவனியாது விட்டால் பார்வையே போகும். இதைத் தடுக்க இந்திய அரசு 1970ஆம் ஆண்டில் தனித் திட்டமே தொடங்கிற்று. காரட் ஒன்றே மருந்து என்று எண்ணுதல் தவறு. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் நம் வேலியிலேயே அச்சத்தைத் தருகின்றன. ஆனால் கீரையைத் துப்பிவிடும் குழந்தை காரட்டை வேண்டாமென்பதில்லை. சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்தால் கரோட்டின் உடலில் நன்கு ஏறும். ஊராட்சிப் பள்ளி முற்றத்தில் பத்துத் தகரங்கள் வைத்தால் ஏறக்குறைய நூறு கிழங்குகள் கிடைக்கும். பிள்ளைகளே நீரூற்றும்படி ஏற்பாடு செய்வது கிராம உத்தியோகஸ்தர்களுக்குச் செலவில்லாத காரியம்.

விதைத்த 80 முதல் 100 நாட்களில் தலை ஓர் அங்குலம் பருத்ததும் பிடுங்கலாம். பங்குனி வெயில் வரை விட்டுவைத்தால் நடுத்தண்டு நாராகும். முந்திய மாலை நீர் ஊற்றி வைத்தால் உடையாமல் வரும். தழையை மாடு விரும்பித் தின்னும். காலியான தொட்டி மண்ணில் ஒரு பிடி மக்குரம் சேர்த்து அப்படியே தண்டுக்கீரை தூவிவிடலாம்.